ஒண்ணு நாப்பத்திரெண்டு வரைக்கும் அஷ்டமி

வாங்க அண்ணாச்சி, இப்படி உக்காருங்க. ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம், அது எங்க அம்மை சீட்டு. ஆள் இல்லைதான். இருந்தாலும் விட்டுவைங்க. இந்தாங்க, இந்தச் சின்ன உள்ளி, வெங்காயந்தான், பிடிங்க. சும்மா வாறதுக்கு உரிச்சுக்கிட்டே வரலாம்லா. பத்து எண்ணிக் குடுத்திருக்கேன். அவசரமே இல்ல, உங்க வீட்டுல எப்படி உரிப்பீயளோ அப்படியே உரிங்க. நான் அப்பப்ப வாட்சைப் பாத்தா பதறாதீங்க. அது வேற கணக்கு.

கோட்டிக்காரன்னு நினைச்சிராதீங்க. சர்வே ஆபீசுல முப்பத்தொரு வருசம் வேலை பாத்தவன். பேரு குத்தாலிங்கம். ஜங்ஷன்லருந்து வல்லாங்குளம் வரைக்கும் இந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கல்லு நட்டதே நான்தான். ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம்னு அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டு நிப்பான். நான் போயி சங்கிலியப் போட்டு அளந்து, இந்தா இதுதான் எல்லைன்னு சொன்னா ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டுப் போவான். அப்படிப்பட்டவனுக்கு இப்ப ஒரே ஒரு எல்லை தெரிய மாட்டேங்கு. பதினொரு மாசமா இந்த வண்டியில ஏறி எறங்கிக்கிட்டு இருக்கேன்.

வாற வாரம் எங்க அம்மைக்கு மொதத் தெவசம். செவ்வாக்கெழமையா புதன்கெழமையான்னு தெரியல. அதான் பிரச்சினை.

எப்படித் தெரியாமப் போவும்னு கேப்பீய. அம்மை போன அன்னைக்கு, மத்தியானம் ஒண்ணு நாப்பத்திரெண்டு வரைக்கும் அஷ்டமி. அதுக்குப் பொறவு நவமி. இந்த வருசம் அஷ்டமி செவ்வாக்கெழமை, நவமி புதன்கெழமை. அய்யரு பஞ்சாங்கத்த விரிச்சு வெச்சுக்கிட்டு, "பிராணன் போன நேரம் என்ன?"ன்னு கேட்டாரு. தெரியலன்னேன். "திதி தப்பிக் குடுத்தா அவாளுக்குப் போய்ச் சேராது"ன்னுட்டாரு. வருசத்துக்கு ஒரு நேரச் சாப்பாடு அண்ணாச்சி. செத்துப்போனவியளுக்கு நாம குடுக்கதே அவ்வளவுதான். அதையும் நாள் தப்பி வெச்சா அம்மை வந்து பாத்துட்டு வெறும் வயித்தோட போவாவ. அத நினைச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு.

வீட்டுல கட்டில்ல படுத்துக் கெடந்து போயிருந்தா நேரம் தெரிஞ்சிருக்கும். அவிய போனது இந்த வண்டியில. இந்த சீட்டுல. போனது தெரியாம வண்டி ஓடிக்கிட்டே இருந்திருக்கு. செத்த பொறவும் ரெண்டு நடை போயிட்டு வந்திருக்காவ எங்க அம்மை.

சிரிக்கணும்னா சிரிச்சுக்கிடுங்க. நானே ரெண்டு மூணு தடவ சிரிச்சிட்டேன்.

பேரு உலகம்மை. எம்பத்தொரு வயசு. டவுன் பஸ்சுல பொம்பளையளுக்கு இனும டிக்கெட்டுக்குத் துட்டு வேண்டாம்னு சொன்னாம்லா, அப்ப அவியளுக்கு எழுவத்தெட்டு. மறுநா காலையில குளிச்சு, திருநீறு பூசி, புதுச் சேலை கட்டி நிக்காவ. "எங்கம்மா?"ன்னேன். "வல்லாங்குளம்"ன்னாவ. "அங்க யாரு இருக்கா?" "யாரும் இல்ல. போயிட்டு வாறேன்." போனாவ, வந்தாவ. அதுக்கு மறுநாளும் போனாவ. மூணு வருசம், ஒரு நா விடல. தீவாளிக்கும் போனாவ.

எனக்கு அப்ப வெளங்கல. இப்பந்தான் யோசிக்கேன். எங்கப்பா இருந்த வரைக்கும் வருசத்துக்கு ஒருக்க திருச்செந்தூர் போவோம். ஜன்னல் பக்கம் எங்கப்பா, அடுத்தாப்ல நான். அம்மைக்கு மடியில தூக்குச்சட்டி, காலடியில பை, தோள்ல தங்கச்சி. "வெளிய என்னல தெரியுது?"ன்னு எங்கிட்டக் கேப்பாவ. நான் எட்டிப் பாத்து, "மாடு நிக்கு"ம்பேன். "எத்தன மாடு?" "ஒண்ணு." நாலு நின்னாலும் ஒண்ணுன்னுதான் சொல்லுவேன், எண்ணுததுக்குச் சோம்பல். அப்படி நான் சொல்லித்தான் அவியளுக்கு ஊரு உலகமே தெரியும். அந்த வகையில நான் குறை வைக்கல.

பஸ்சுல சும்மா உக்கார மாட்டாவ. எம் பொண்டாட்டி பகவதி ஒரு கிலோ உள்ளியத் தூக்கிக் குடுத்து, "போறதுதான் போறீய, இத உரிச்சுக்கிட்டு வாங்க"ன்னா. அம்மை தான் மட்டும் உரிக்காம பக்கத்துல இருந்தவளுக்கு நாலு, பின்சீட்டுக்கு நாலுன்னு குடுத்து, ஒரு மாசத்துல வண்டியே உள்ளி உரிச்சுது. காலேஜ் பிள்ளைய உரிக்கும். மீன் விக்குதவ கையக் கழுவிட்டு உரிப்பா. கண்டக்டர் இசக்கிப்பாண்டி டிக்கெட்டு போட்டு முடிச்சிட்டு வந்து உரிப்பாரு. எங்க வீட்டுப் புளிக்குழம்புல மூணு வருசம் ஊரு உரிச்ச உள்ளிதான். வீட்டுக்கு வந்த உள்ளியப் பாத்தே பகவதி சொல்லுவா, "இது நெகம் வச்சவ உரிச்சது"ன்னு.

செங்குளத்துக்கு ரோடு பிரியுத விலக்குப் பக்கத்துல ஒரு வீடு கட்டிக்கிட்டு இருந்தான். யாரு வீடோ. அஸ்திவாரத்துலருந்து அம்மை மேற்பார்வை. ஜன்னல் வழியா கத்துவாவ, "ஏ கொத்தனாரே, அடுப்படி வாசல அங்கன வச்சா பொகை பூராவும் சாமி ரூமுக்குல்லா போவும்!" மறுநா போறப்பப் பாத்தா வாசல் இந்தப் பக்கம் இருக்கு. அங்கன ஸ்டாப்பே கெடையாது அண்ணாச்சி. ஆனா டிரைவர் வண்டிய மெதுவா உருட்டுவாரு, பாட்டி பாத்து முடிக்கட்டும்னு. கிரகப்பிரவேசப் பத்திரிகையில 'உலகம்மை பாட்டி முன்னிலையில்'னு அச்சடிச்சிருக்கான். பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனாவ. எங்கன்னு கேட்டேன். கோயிலுக்குன்னாவ. எனக்குப் பத்திரிகை இல்ல.

இந்த ரோட்டுல பச்சைக் கலர்ல ஒரு மினி பஸ்சு ஓடுதுல்லா, அதுதான் அவியளுக்குச் சென்மப் பகை. அது நம்ம வண்டிய முந்திட்டா டிரைவரைப் போட்டு ஏசித் தீத்துருவாவ. "நீ வண்டி ஓட்டுதியா, பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுதியா?"ம்பாவ. அவரும் மிதிப்பாரு. முந்திட்டா வண்டி பூரா கைதட்டும். முந்தலைன்னா அன்னைக்கு ராத்திரி அம்மை மோரோட சரி.

நான் இதையெல்லாம் ஒருநாளும் தடுத்தது கெடையாது. கண்டிப்பா சொல்லுதேன். வெயில் கொளுத்துதேன்னு ஒரே ஒரு தடவ அவிய செருப்ப எடுத்துப் பரண்ல போட்டேன். அம்மை என் செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டாவ. நான் பகவதி செருப்பப் போட்டுக்கிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது. அதைப் போயி தங்கச்சி சங்கரவடிவு, "அம்மைய நீ அடைச்சு வச்செ"ங்கா. தென்காசியில இருந்துக்கிட்டு என்ன வேணும்னாலும் பேசலாம்.

உரிச்சாச்சா? ஏழா? பரவால்ல, கை வேகமாத்தான் இருக்கு. அந்த ஒண்ணுல தோலு கொஞ்சம் நிக்கு, அத எடுத்திருங்க.

அன்னைக்கு நடந்தத வரிசையாச் சொல்லுதேன். பத்து நாப்பது வண்டியில ஏறியிருக்காவ. பதினொண்ணே முக்காலுக்கு வல்லாங்குளத்துலருந்து திரும்பி, பன்னெண்டு நாப்பதுக்கு ஜங்ஷன்ல எறங்கி வீட்டுக்கு வரணும். அதான் வழக்கம். அன்னைக்கு எறங்கல. இசக்கிப்பாண்டி, பாட்டி இன்னொரு நடை வாறாவ போலுக்குன்னு டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்திட்டாரு. பன்னெண்டு அம்பது, ஒண்ணு அம்பத்தஞ்சு, மூணு மணின்னு நடைக்கு ஒரு டிக்கெட்டு. நாலு மணிக்கு வல்லாங்குளத்துல, "பாட்டி, டீ குடிக்கலியா?"ன்னு தொட்டுப் பாத்திருக்காரு. சில்லுன்னு இருந்திருக்கு. கையில அஞ்சு டிக்கெட்டு.

நான் அவருகிட்டக் கேட்டேன். "ஏம்யா, செத்துப்போனவியளுக்கு டிக்கெட்டுக் குடுக்கலாமாய்யா?" அவரு சொல்லுதாரு, "சார், ஏறுனவங்க எறங்காத வரைக்கும் குடுத்துத்தான் ஆகணும். செக்கிங் ஏறுனா அவங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்." சரிதான். "ஒண்ணு அம்பத்தஞ்சு டிக்கெட்ட அம்மை கைய நீட்டி வாங்குனாவளா, இல்ல நீரு கையில சொருகுனீரா?"ன்னு கேட்டேன். "ஞாபகம் இல்ல சார்"ன்னுட்டாரு. அதுக்குப் பொறவு பதினொரு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இப்ப நான் ஏறுனாலே பின்வாசல் வழியா எறங்கி, முன்வாசல் வழியா ஏறி டிரைவர் பக்கத்துல நின்னுக்கிடுதாரு.

ஆஸ்பத்திரிச் சீட்டுல நாலு முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கான். அது கொண்டுபோன நேரம். சங்கரவடிவு அதப் பிடிச்சுக்கிட்டு நவமி, நவமிங்கா. டாக்டரைக் கேட்டா, "மூணு மணி நேரம் ஆயிருக்கலாம், நாலும் ஆயிருக்கலாம்"ங்காரு. ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு நான் நெலத்த அளந்திருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

அதனால நானே வரைபடம் போட்டுட்டேன். இந்தா பாருங்க, ஜங்ஷன், செங்குளம் விலக்கு, வல்லாங்குளம். பச்சைப் புள்ளி வச்ச எடத்துல அம்மை உயிரோட இருந்தாவன்னு சாட்சி இருக்கு. செவப்புன்னா சந்தேகம். மொதச் சாட்சி பூக்காரி பேச்சியம்மா. ஒண்ணு பத்துக்கு எறங்குறப்ப உரிச்ச உள்ளிய அம்மை கையில குடுத்திருக்கா. அம்மை, "மல்லிப்பூ நாளைக்கு ரெண்டு மொழம் கூடக் கொண்டாட்டி"ன்னு சொல்லியிருக்காவ. ஆக ஒண்ணு பத்துக்கு உயிர் இருக்கு. பச்சை.

அடுத்து கொத்தனாரு. அதே செங்குளம் விலக்குல பக்கத்து மனையில இப்ப வேலை பாக்காரு. ஒண்ணு பதினஞ்சுக்கு வண்டி போறப்ப, "பாட்டி கை காட்டுனாங்க சார்"ங்காரு. பச்சை வைக்கப் போனேன். எதுக்கும் ஒரு வார்த்த, "ஏதாவது குறை சொன்னாவளா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல சார், அதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு"ங்காரு. எங்கம்மை ஒரு செவரப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறதாவது! நானே இந்த சீட்டுல உக்காந்து, கைய ஜன்னல் கம்பியில தொங்கப் போட்டு, கண்ண மூடிக்கிட்டு, அதே எடத்துல வண்டி பள்ளத்துல விழுந்து எந்திரிக்கிற வரைக்கும் அசையாம இருந்து பாத்தேன். கை தானா மூணு தடவ ஆடுது அண்ணாச்சி. கொத்தனாரைச் சாரத்துல நிக்க வச்சுப் பாக்கச் சொல்லியிருந்தேன். "அன்னைக்கு மாதிரியே இருக்கு சார்"ன்னு மேலருந்து கத்துதாரு. செவப்பு வச்சேன்.

இந்த உள்ளிக் கணக்கு அதுக்குத்தான். அன்னைக்கு அம்மை பையில மொத்தம் நூத்தி எழுவது. உரிக்காமக் கெடந்தது அறுவத்திரெண்டு. அம்மை நிமிசத்துக்கு அஞ்சு உரிப்பாவ. கூட இருந்தவிய எத்தன உரிப்பாவன்னு தெரிஞ்சா, எப்ப நின்னுதுன்னு கண்டுபிடிச்சிரலாம். இந்த நோட்டுல உங்களை மாதிரி உரிச்சுக் காட்டுனவிய முன்னூத்திச் சொச்சம் பேரு இருக்காவ. நீங்க நிமிசத்துக்கு மூணு. நல்ல கை.

ஆனா அசைக்க முடியாத சாட்சி டிரைவர்தான். ஒண்ணு முப்பதுக்கு மினி பஸ்சு நம்ம வண்டிய முந்தியிருக்கு. ஆரனை அடிச்சுக்கிட்டே முந்தியிருக்கு. எங்கம்மை ஒரு வார்த்த பேசல! டிரைவர் ஏச்ச எதிர்பாத்துத் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாராம். வரலியாம். நான் எந்திரிச்சு அவரு கையப் பிடிச்சுக் கும்பிட்டேன். இதுக்கு மேல என்ன வேணும்? ஒண்ணு பத்துக்கு உயிர் இருந்துது, ஒண்ணு முப்பதுக்கு இல்ல. அஷ்டமி. செவ்வாக்கெழமை. முடிஞ்சுது.

தென்காசிக்குப் போயி வரைபடத்த விரிச்சு வச்சுச் சொன்னேன். சங்கரவடிவு நிதானமாக் கேட்டா. எல்லாத்தையும் கேட்டுட்டு, "அம்மை அசந்து தூங்கியிருப்பாண்ணே"ன்னா. அவ்வளவுதான். பதினொரு மாச வேலை! "தூங்குனாலும் மினி பஸ்சுக்கு முழிப்பாவ"ன்னேன். "எம்பத்தொரு வயசுண்ணே"ங்கா. பொறவு என்னையப் பாத்து, "ஏண்ணே, அஷ்டமி அஷ்டமின்னு இப்படி உயிர விடுத? நவமியில போனா அம்மைக்கு என்ன?"ன்னு கேட்டா. நான் வரைபடத்தச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். காப்பி கூடக் குடிக்கல.

அவகிட்ட ஒண்ணு சொல்லல. பகவதிகிட்டயும் சொல்லல. நீங்க அசலூரு ஆளு, உங்ககிட்டச் சொல்லலாம்.

அன்னைக்கு ஒண்ணு அம்பத்தெட்டுக்கு நான் அம்மைக்குப் போன் போட்டேன்.

எனக்குப் பசி. குழம்பு புளித் தண்ணியா அடுப்புல கொதிக்கு, உள்ளி வந்து சேரல. பகவதி மொணங்குதா. போட்டேன். எடுத்தாச்சு. நான் ஏச ஆரம்பிச்சேன். எம்பத்தொரு வயசுல உனக்கு என்ன ஊர்ச்சுத்தல், ரோட்டுல தல காட்ட முடியல, சர்வேயர் அம்மை பஸ்சுல குடியிருக்கான்னு ஊரே சிரிக்குன்னு, மனசுல மூணு வருசமாக் கெடந்ததெல்லாம் கொட்டுனேன். கடைசியா, "வீட்டுக்கு வராத, அந்த சீட்டுலயே கெடந்து செத்துப் போ"ன்னு சொன்னேன். ரெண்டு நிமிசம் பதினொரு செகண்டு. போன்ல இன்னும் இருக்கு, பாருங்க, அழிக்கல.

ஒரு வார்த்த பதில் இல்ல. வண்டி எரையுத சத்தம் மட்டும் கேட்டுது. பொறவு வச்சாச்சு. வச்சது நான் இல்ல, அந்தப் பக்கத்துலருந்துதான்.

அண்ணாச்சி, எங்கம்மை பதில் பேசாம இருக்க ஆளா? முன்னப் பின்னத் தெரியாத கொத்தனாருக்குப் பதில் சொல்லுதவ, டிரைவரை ஏசுதவ, பெத்த மகன் இவ்வளவு பேசுறப்ப வாய மூடிக்கிட்டு இருப்பாளா? இருக்க மாட்டா. அப்ப போன எடுத்தது அவ இல்ல. அவ அதுக்கு முன்னாடியே போயிட்டா. ஒண்ணு முப்பதுக்கே, அந்த மினி பஸ்சு முந்துறப்பமே போயிருக்கணும் அண்ணாச்சி. அம்மை சீக்கிரம் செத்திருக்கணும்னு பதினொரு மாசமா சாமியக் கும்பிடுத மகன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஒண்ணு அம்பத்தஞ்சு நடையில, வல்லாங்குளத்துல ஏறுன ஆளு ஒருத்தரு அம்மை பக்கத்துல இப்படி, நீங்க இருக்க மாதிரி உக்காந்திருந்தாராம். வெள்ளச் சட்டையாம். கண்டக்டருக்கு அது மட்டும் ஞாபகம் இருக்கு. நீங்களும் வெள்ளச் சட்டைதான் போட்டிருக்கீய. நீங்களும் வல்லாங்குளத்துலதான் ஏறுனீய. போன மாசியில இந்தப் பக்கம் வந்தீயளா? யோசிச்சுப் பாருங்க. பக்கத்துல ஒரு கெழவி தூங்குதா. மடியில போன் அடிக்கு. விடாம அடிக்கு. பாவம், தூக்கம் கெட்டுரக் கூடாதுன்னு நீங்க எடுத்துப் பச்சைய அமுக்கியிருப்பீய. எவனோ கத்துதான். கேட்டுக்கிட்டே இருந்துட்டு, இத இவிய கேக்க வேண்டாம்னு செவப்ப அமுக்கி மடியிலயே வச்சிருப்பீய.

நான் கோவிச்சுக்கிட மாட்டேன் அண்ணாச்சி. உள்ளியக் கீழ வைங்க. என் மூஞ்சியப் பாருங்க. போன மாசியில நீங்க இந்த ஊருக்கே வந்திருக்காட்டாலும் சரி, நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்குங்க.